ஆணியில் தொங்கிய இன்னொரு முத்திரை

மத்தியானம் மூன்று மணி இருக்கும். அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், சைக்கிள் கடைக்கு மேலே இருந்த என் ஆபீஸில் புளிசாதம் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். நாற்பது வயது இருக்கலாம். நெற்றியில் பொட்டில்லை. கையில் மஞ்சள் துணிப்பை.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வக்கீலம்மா, நல்லா இருக்கீகளா? ஒடம்புக்கு எதுவும் முடியலையா? மெலிஞ்சு போயிட்டீகளே."

நான் அவளை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

கட்சிக்காரர்களின் முகத்தை மறக்கிற ஆள் இல்லை நான். பேரை மறப்பேன், வழக்கு நம்பரை மறப்பேன், முகம் மட்டும் மறக்காது. எதிர்த்தரப்பு வக்கீலாக இருந்தால் இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கும். ஆனாலும் அவள் அவ்வளவு உரிமையோடு உள்ளே வந்து உட்கார்ந்ததால் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

அவள் பெயர் பாக்கியம். சிவகங்கைப் பக்கம் ஊர். கணவர் ஆவடியில் ராணுவத் தளவாட ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். ஒருநாள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. குவார்ட்டர்ஸில் இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்தாள். கல்யாணம் ஊர்க் கோயிலில் நடந்தது, எங்கேயும் பதிவாகவில்லை. அதனால் இவள்தான் சட்டப்படி மனைவி, வேறு மனைவி இல்லை என்று நோட்டரி முன்னால் உறுதி சொல்லி ஒரு அஃபிடவிட் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் குடும்பப் பென்ஷன். பென்ஷன் உத்தரவு வரும்வரை குவார்ட்டர்ஸில் இருக்க அனுமதியும் அதை வைத்துத்தான்.

பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று அந்த அஃபிடவிட்டின் நகல். இன்னொன்று பென்ஷன் பார்க்கும் ஆபீஸில் எனக்கு எழுதி, அவளிடமே கொடுத்தனுப்பிய கடிதம். அஃபிடவிட் ஞாயிற்றுக்கிழமை தேதியில் இருந்ததால் அங்கே யாருக்கோ சந்தேகம் வந்திருக்கிறது. இது உங்களுடையதுதானா என்று எழுத்துமூலம் உறுதி செய்து, உங்கள் முத்திரையின் மாதிரிப் பதிவு மூன்றும் அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

அஃபிடவிட்டைப் பார்த்தேன். என் முத்திரை. என் கையெழுத்து. கடைசி எழுத்துக்குக் கீழே நான் இழுக்கிற கோடுகூட அப்படியே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கொரட்டூர் வீட்டில் மஞ்சள் காமாலையோடு படுத்திருந்தேன். மொத்தம் பதினெட்டு நாள். கீழாநெல்லியும் மோரும்தான் ஆகாரம். முத்திரை பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவி என் வீட்டுக்காரரின் பையில் இருந்தது.

ஐந்து சென்டிமீட்டர்

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நோட்டரி முத்திரை ஒருவர் கைக்கு எப்படி வருகிறது என்று தெரியாதவர்களுக்கு இந்தக் கதை பிடிபடாது.

நினைத்தால் யாரும் நோட்டரி ஆகிவிட முடியாது. எங்கள் காலத்தில் பத்து வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு மாஜிஸ்திரேட், ஒரு பாங்கு மேனேஜர், ஒரு வியாபாரி, ஊரில் முக்கியமானவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். மாஜிஸ்திரேட் சுலபமாகக் கிடைத்தார். வியாபாரிக்குத்தான் அலைந்தேன். கடைசியில் கொரட்டூரில் நாங்கள் அரிசி வாங்கும் கடைக்காரர் போட்டார். போடுவதற்கு முன், "இதுனால நாளைக்கு எனக்கு கேஸு கீஸு வராதே?" என்று நான்கு தடவை கேட்டார். வந்தால் நானே நடத்தித் தருகிறேன் என்றேன். அவர் முகம் இன்னும் வாடிப்போயிற்று.

பிறகு யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். எனக்கு எதிராக யாரும் எழுதவில்லை. என் நாக்கைத் தெரிந்தவர்கள் அத்தனை பேர் இருந்தும் எழுதாதது எனக்கே ஆச்சரியம். சான்றிதழ் வந்தது. மூன்று வருடம் செல்லும், அம்பத்தூர் பகுதிக்கு மட்டும்.

முத்திரை எப்படி இருக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது. அலங்காரம் இல்லாத வட்டம். குறுக்களவு ஐந்து சென்டிமீட்டர். அதில் என் பெயர், என் பகுதி, நோட்டரி என்ற சொல், என்னை நியமித்த அரசின் பெயர். நோட்டரி அல்லாதவர் நோட்டரி போல நடந்துகொண்டால் சிறை. இவ்வளவு கறாராகச் சொன்ன சட்டம், முத்திரையை யாரிடம் செய்துகொள்ள வேண்டும், செய்து கொடுப்பவர் எதைப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் தேடிய வரையில் இல்லை. ஐந்து ரப்பர் ஸ்டாம்புக்கு ஒரு பேனா இலவசம் என்று எழுதிப் போட்டிருந்த கடைக்குத்தான் நானும் போனேன்.

தேசிங்கு கடை

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தக் கடை. சைக்கிளை உள்ளே தள்ளினால் ஆள் வெளியே நிற்க வேண்டிய அகலம். கடைக்காரர் தேசிங்கு. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. ஈய எழுத்துகளை வட்டமாகக் கோத்து, மாவில் பதித்து அச்செடுத்து, அதில் ரப்பரை வைத்துச் சூட்டில் அழுத்துவார். கடை முழுக்கச் சுட்ட ரப்பர் வாசனை. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாலும் போகாது.

முத்திரையை வாங்கிக்கொண்டு கிளம்பியபோது, அவர் தலைக்குமேலே சுவரைக் காட்டினார். வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் கயிறு கட்டிய ஒரு ஸ்டாம்ப். ஸ்கூல், டாக்டர், பஞ்சாயத்து, மாவு மில், எல்லாம் இருந்தது.

"ஒரே அச்சுல ரெண்டா எட்துருவேன் மேடம். ஒண்ணு உங்குளுக்கு, ஒண்ணு இங்க கீது. தேஞ்சி பூட்சினா சொல்லி அனுப்புங்க, குட்துடுறேன். நம்ப கஸ்டமருக்கு இது ஃப்ரீ சர்வீஸு."

அப்போதே அதைக் கழற்றி வாங்கி என் கண் முன்னால் வெட்டிப் போட்டிருக்க வேண்டும். வக்கீலுக்குப் படித்தவள், விதியை வரிவரியாகப் படித்தவள், ஒரு முத்திரை ஒருவரிடம்தான் இருக்க வேண்டும் என்று தெரியாதவளா நான்? பஸ் வந்துவிட்டது. அதுவும் ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவரில் என் பெயர் தொங்குவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

பாக்கியம் வந்து போன மறுநாள் காலையிலேயே பூந்தமல்லிக்கு ஓடினேன். ஆணி மட்டும்தான் இருந்தது.

"இன்னா மேடம், நீங்கதானே வந்து வாங்கினு போனீங்க?"

"நானா?"

"ஆமா. கறுப்பு கோட்டு போட்டுகினு வந்தீங்க. ஜோடிய குடுன்னீங்க. கயித்த அவுத்து குட்தேன்."

"என் முகத்தைப் பாத்தியா?"

தேசிங்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார். முதல் தடவையாக அவர் கண்ணில் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்து வாங்கிப் போனவள் மேல் இல்லை, எதிரே நின்ற என் மேல்.

"கோட்டு போட்டுகினு வந்து பேரச் சொன்னா, சீல்ல கீற பேரத்தான் பாப்பேன் மேடம். மூஞ்சிய எதுக்குப் பாக்குறேன்? ஆனா நீங்கதான். குரலு இதான்."

அச்சை எடுக்கச் சொன்னேன். என் கண்ணெதிரே சுத்தியலால் உடைக்கச் சொன்னேன். மூன்றே தட்டில் அது மாவாகிவிட்டது. இனி அதிலிருந்து ஒன்று பிறக்காது என்று நிச்சயம் செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருபவள்

அன்று சாயங்காலம் ஆவடிக்குப் போய் குவார்ட்டர்ஸில் பாக்கியத்தின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். நான் யாரென்று சொல்வதற்கு வேலையே இருக்கவில்லை. தெருமுனையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள், "வாங்க வக்கீலம்மா, இன்னிக்கு ஞாயித்துக்கெழம இல்லியே?" என்றார்கள்.

பாக்கியம் நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். கேட்டேன்.

"என்னிக்கு, எப்படி வந்தேன்னு சொல்லு."

"என்னம்மா இப்பிடிக் கேக்குறீக? கோயில் பூசை முடிஞ்சு சனங்க வர்ற நேரம். இந்த நாக்காலியிலதான் இருந்தீக. காகிதத்தை மொத்தமும் படிச்சுக் காட்டினீக. புரிஞ்சுதா புரிஞ்சுதான்னு மூணு தரம் கேட்டீக. சத்தியம் பண்ணச் சொன்னீக. பண்ணினேன். அப்புறம் அழுதேன். நீங்க எந்திரிச்சுப் போயி எனக்குத் தண்ணி மொண்டு வந்து கொடுத்தீக."

"நானா?"

"சீலு போட்டுட்டு வாயால ஊதினீக. மை காயணும்னு."

முத்திரை போட்டதும் வாயால் ஊதுவது என் பழக்கம். என் வீட்டுக்காரர் அதற்காகக் கேலி செய்வார். அது வெளியார் யாருக்கும் தெரிய நியாயமில்லை.

ஆனால் மற்றதெல்லாம் நான் இல்லை. நான் யாருக்கும் காகிதத்தை முழுவதும் படித்துக் காட்டியதில்லை. கையெழுத்தா, இங்கே, பெருவிரலா, அங்கே, அடுத்த ஆள் வா. அழுதவர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததில்லை. அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். விதிப்படி ஒரு நோட்டரி எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ, அப்படி நடந்துகொண்டிருந்தவள் அந்த இன்னொருத்திதான்.

பாக்கியம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அன்னைக்கு இருந்த மாதிரி இல்லியே நீங்க இன்னைக்கு. எம்மேல எதுவும் கோவமா?"

உள்ளேயிருந்து இரண்டு பெண்களும் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்கள். மூத்தவள் பள்ளிக்கூடச் சீருடையிலேயே இருந்தாள். அந்த வீட்டின் வாடகை, அரிசி, அந்தச் சீருடை எல்லாம் என் ஒரு வார்த்தையில் நின்றுகொண்டிருந்தது. கோபம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

பிளேடு

புதிதாக ஒரு அஃபிடவிட் போட்டுக் கொடுத்திருக்கலாமே என்று இதைப் படிக்கிற வக்கீல்கள் கேட்பார்கள். எனக்கும் தோன்றியது. ஆனால் கடிதத்தில் கேட்டிருந்தது புதிய காகிதத்தைப் பற்றியல்ல. பழைய காகிதம் என்னுடையதா இல்லையா என்றுதான். இல்லை என்று எழுதினால், போலிப் பத்திரம் கொடுத்தவள் என்று பாக்கியத்தின் மேல் விசாரணை வரும். அது முடிகிறவரை பென்ஷன் வராது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது யார் என்பது மட்டும்தான் தெரியாது.

ஆமாம் என்று எழுதுவது என்று முடிவு செய்தேன். மூன்று மாதிரிப் பதிவுகளையும் போட்டேன். பாக்கியத்தின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதில் இருந்த வட்டத்தில், கீழ்ப்பக்கம், ஓர் அரிசி அளவுக்கு ஒரு வெட்டு. அந்த ரப்பரை அழுத்தியபோது காற்றுக்குமிழ் விழுந்திருக்கும். என் முத்திரையில் வட்டம் முழுசாக இருந்தது.

மாதிரி ஒத்துப்போகவில்லை என்றால் என் ஆமாமுக்கு மதிப்பில்லை.

பென்சில் சீவ வைத்திருந்த பாதி பிளேடை எடுத்தேன். அரசு எனக்குத் தந்த உரிமையின் அடையாளம் அது. கையெழுத்துகளுக்காக அலைந்த அலைச்சல், அரிசிக் கடைக்காரரின் பயம், எல்லாம் அந்த ஐந்து சென்டிமீட்டருக்குள் இருந்தது. நகலைப் பார்த்துப் பார்த்து, அதே இடத்தில், அதே அளவுக்கு ரப்பரைச் சீவினேன். பழகிய வேலைபோலக் கை போயிற்று. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேஸ்ட் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். வாயால் ஊதினேன். ஊதும்போது எதிரே யாரோ உட்கார்ந்து அதையே செய்வதுபோல ஒரு எண்ணம். நிமிர்ந்து பார்த்தேன். கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. கீழே சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகல்.

இரண்டு வட்டமும் ஒன்றாகிவிட்டன. கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு, தபாலில் சேர்த்தேன்.

பாக்கியத்துக்குப் பென்ஷன் உத்தரவு வந்தது. அதைச் சொல்ல மூத்த பெண்ணோடு வந்திருந்தாள். ஆறு வாழைப்பழம் வாங்கி வந்தாள். எனக்கு அவளைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்றும் இருந்தது.

அதற்குப் பிறகும் அந்த இன்னொருத்தி நின்றபாடில்லை. ஆவடி மார்க்கெட்டில் ஒரு கிழவர் கும்பிட்டார். கொரட்டூர் ஏரிக்கரையில் ஒரு அம்மா, பையன் வேலையில் சேர்ந்துவிட்டான் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை போட்ட காகிதங்கள். ஒன்றில்கூடத் தப்பு இல்லை. யாரும் ஏமாறவில்லை. யாரிடமும் அவள் காசு வாங்கியதாகவும் தெரியவில்லை. நான் சிரித்துத் தலையாட்டப் பழகிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "பேசாம அவளையே வாரம் பூரா வெச்சுக்கலாம், நீ ஞாயித்துக்கெழம மட்டும் போ" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

முழு வட்டம்

மூன்று மாதம் கழித்து, கோவில்பதாகையிலிருந்து ஒரு கட்டட மேஸ்திரி வந்தார். மகளைக் காலேஜில் சேர்க்கிறார். அதற்கு இரண்டு அஃபிடவிட். ஒன்று, முந்தின வாரம் என் ஆபீஸில் என்னிடமே வாங்கியது. இன்னொன்று அவர் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை வாங்கியது.

"மேடம், ரெண்டும் நீங்க போட்டதுதான். ஆனா காலேஜ்ல ஒத்துக்கமாட்டேங்குறாங்க. ரெண்டு சீலும் வேற மாரி கீதாம். எது அசலுன்னு உங்க கையால எய்தி வாங்கினு வரச் சொல்றாங்க."

இரண்டையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

நான் போட்டதில் வட்டம் உடைந்திருந்தது. பிளேடால் நான் சீவிய இடம். ஞாயிற்றுக்கிழமை போட்டதில் வட்டம் முழுசாக இருந்தது.

டிராயரைத் திறந்து என் முத்திரையைத் தொட்டுப் பார்த்தேன். வெட்டு இருந்தது. விரலில் நெருடியது. தேசிங்கின் அச்சு என் கண் முன்னால் உடைந்தது. அந்த அச்சிலிருந்து வந்த முத்திரைகள் இரண்டே இரண்டு. ஒன்றில் பிறக்கும்போதே வெட்டு. இன்னொன்றில் நான் வெட்டியது. முழு வட்டம் என்று ஒன்று உலகத்தில் எங்கேயும் இருக்க முடியாது. ஆனால் அந்த ஞாயிறு போட்ட பதிவு என் கையில் இருந்தது. மை நன்றாகக் காய்ந்திருந்தது.

"ஒடஞ்சி கீறதுதான் டூப்புன்னு அந்த கிளார்க்கு சொல்றாரு மேடம். முழுசா கீறதுதான் கவர்மென்ட் சீலாம். யாரோ உங்க பேர்ல தில்லாலங்கடி வேல பண்றாங்களாம். ஒரு கம்ப்ளெய்ன்ட் குடுக்கச் சொல்றாரு."

அந்த கிளார்க் சொன்னது சரி. அரசு எனக்குக் கொடுத்தது முழு வட்டம்தான். அதை அசல் என்று எழுதினால், நான் பென்ஷன் ஆபீஸுக்கு அனுப்பிய மாதிரிப் பதிவு பொய்யாகும். மாதிரி பொய்யானால் பாக்கியத்தின் காகிதம் பொய்யாகும். ஒரு காலேஜ் கிளார்க் யாரிடம் பேசுவார், அது ஆவடிவரை போகுமா என்று எனக்குத் தெரியாது. போகாமலும் இருந்திருக்கலாம். நான் அந்த இரண்டு பெண்களை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கத் தயாராக இல்லை.

மேஸ்திரி என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளைத்தாளை எடுத்து எழுதினேன். வட்டத்தின் கீழ்ப்பக்கம் வெட்டு உள்ள முத்திரையே என்னுடையது. முழு வட்டம் உள்ள முத்திரை என்னுடையது அல்ல. அதைப் பதித்தவரை எனக்குத் தெரியாது. அதன் பேரில் யாரும் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, உடைந்த வட்டத்தை அழுத்திப் பதித்தேன். அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் காகிதத்துக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று போட்டேன். அன்றுதான் முதல் தடவையாக ஒரு அஃபிடவிட்டை முழுவதும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். புரிந்ததா என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

அவர் படியிறங்கிப் போன பிறகு முத்திரையை டிராயரில் வைத்துப் பூட்டினேன். ஒருத்தியை இல்லை என்று எழுதி முத்திரை போட்டிருந்தேன். அழுதவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தவளை. என்னிடமிருந்து ஒரு பைசா திருடாதவளை. எனக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாக்கியத்துக்குப் பென்ஷன் மாதாமாதம் தவறாமல் வந்தது. இரண்டு பெண்களும் படித்தார்கள்.

சான்றிதழின் மூன்று வருடம் முடிந்தபோது நான் அதைப் புதுப்பிக்கவில்லை. முத்திரையை நாலாக வெட்டி, கிணற்றில் போட்டேன். அந்த மேஸ்திரிக்கு எழுதிக் கொடுத்த நாளுக்குப் பிறகு, ஆவடியிலும் சரி, கொரட்டூரிலும் சரி, ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.